சாசர் எங்களுக்கு வருமுங்க: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கமுங்க. நான் கோவையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டியே தறி குடோன், நாலு தறி, காடாத் துணி, கூலிக்கு நெய்கிறோம். கல்லூரிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேறு கல்லூரிகளில் படிக்கிற தோழிகளும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள், அதனால் பெயரில் ஒன்றும் இல்லை.

அடுத்த வருடத்துக்குப் பாடத்தைத் திருத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசருக்கு இப்போதே ஒரு யூனிட்டில் பாதிதான். அந்தப் பாதியும் இன்றைய ஆங்கிலத்தில் மாற்றி எழுதியது. அதையும் எடுத்துவிட்டுக் கதைச்சுருக்கம் மட்டும் வைத்தால் போதும் என்று ஒரு பேச்சு ஓடுகிறதாம். எங்கள் துறையில் ஒருவர் வகுப்பிலேயே காரணத்தையும் சொல்லிவிட்டார். "மிடில் இங்கிலீஷெல்லாம் நம்ம புள்ளைங்களுக்கு வராதும்மா. பாதிப்பேர் தமிழ் மீடியம்." மிடில் இங்கிலீஷ் என்றால் சாசர் காலத்து ஆங்கிலம். அவர் கோபத்தில் சொல்லவில்லை, கரிசனமாகத்தான் சொன்னார். அந்தக் கரிசனம்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்தது.

நான் தமிழ் மீடியம். ஆறாம் வகுப்பு வரை ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். 'நேம்' என்பதை 'நாமெ' என்று படித்து வகுப்பே சிரித்தது. 'டேக்' எனக்கு 'டாக்கெ', 'டைம்' எனக்கு 'டீமெ'. குதிரை வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லில் இருக்கிற ஆறு எழுத்தையும் விடாமல் 'க்னிக்ட்' என்று படித்து, பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறேன். அந்த நாலு சொல்லும் அப்புறம் எனக்குப் பட்டப் பெயராகவே ஆகிவிட்டது, நாமெ வருதுடா, நாமெ போகுதுடா என்று.

கல்லூரி இரண்டாம் ஆண்டில், ஒரு நாள் காலை ஏழு இருபது பஸ்ஸில், அவிநாசி ரோட்டில் நெரிசலில் நின்றுகொண்டு, காதில் இயர்போனை மாட்டி, சாசரின் கான்டர்பரி கதைகளின் முன்னுரையை யாரோ ஒரு பேராசிரியர் பழைய உச்சரிப்பில் வாசித்ததைக் கேட்டேன். அந்த ஆள் 'நாமெ' என்கிறார். 'டீமெ' என்கிறார். 'க்னிஹ்ட்' என்கிறார், ககரம் முன்னால் ஒலிக்கிறது, நடுவில் தொண்டையிலிருந்து ஒரு ஹகரம் வருகிறது, ஒரு எழுத்தும் வீணாகவில்லை. பஸ்ஸில் நின்றபடி சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் ஆறாம் வகுப்பில் பெஞ்சு மேல் நின்றது தப்புக்காக இல்லை, ஓர் அறுநூறு வருடம் தாமதமாகப் பிறந்ததற்காக.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. 1400-ஐ ஒட்டித் தொடங்கி மூன்று நூற்றாண்டு போல ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின, சொல்லின் கடைசியில் இருந்த எகரமும் தேய்ந்து போனது. ஆனால் அந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே அச்சு வந்துவிட்டது. காக்ஸ்டன் 1476 வாக்கில் லண்டன் பக்கம் அச்சுக்கூடம் போட்டார், எழுத்து அப்படியே உறைந்து நின்றுவிட்டது, வாய் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அதனால்தான் இன்றைக்கு எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று. எழுதியபடி படிக்கிற மொழியில் வளர்ந்த பிள்ளைக்குச் சாசர் ஷேக்ஸ்பியரைவிடச் சுலபமாகக்கூட வாயில் நுழைவார். எங்களுக்கு வராது என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?

ஒலி கிடக்கட்டும். அந்த முன்னுரையின் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'வான் தட் ஆப்ரில் வித் ஹிஸ் ஷூரெஸ் சோட்டெ, த ட்ரூஹ்ட் ஆஃப் மார்ச் ஹாத் பெர்செட் தொ த ரோட்டெ'. ஏப்ரல் தன் இனிய மழையால் மார்ச்சின் வறட்சியை வேர் வரைக்கும் துளைத்தபோது. எங்கள் கைடில் இதற்கு 'வசந்த கால வருணனை' என்று ஒரு வரி, கேட்டால் இரண்டு மார்க். அப்பாருக்கு நான் இதைச் சொல்லிக் காட்டினேன். அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா, தறி வருவதற்கு முன்னால் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு இருந்தது, சோளம் போடுவார். "வேர் வரைக்கும் போச்சுன்னா நல்ல மழை கண்ணு, மேலால நனைச்சுட்டுப் போறது மழையில்ல" என்றார். அவர் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். ஏப்ரல் மழையின் அருமை தெரிய லண்டனில் பிறந்திருக்க வேண்டியதில்லை, சித்திரையில் கோடை உழவுக்கு வானத்தைப் பார்த்து நின்றிருந்தால் போதும்.

அந்த வாக்கியம் மொத்தம் பதினெட்டு வரி. மழை பெய்தபோது, காற்று தளிர்களை எழுப்பியபோது, சின்னப் பறவைகள் பாடும்போது என்று போய்க்கொண்டே இருக்கும், மூச்சு வாங்கும், பன்னிரண்டாவது வரியில்தான் 'அப்போது ஜனங்களுக்கு யாத்திரை போக ஆசை வருகிறது' என்று முக்கியமான வினை வந்து இறங்கும். என்னோடு படிக்கிற இங்கிலீஷ் மீடியம் தோழி இது புரியவே இல்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. வினைமுற்றுக்காகக் கடைசி வரை காத்திருப்பது நமக்குப் பால்குடி காலத்துப் பழக்கம்.

அப்புறம் அந்த யாத்திரை. தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே சதர்க்கில் டாபர்ட் என்ற சத்திரத்தில் ஓர் இருபத்தொன்பது பேர் கூடி, 1170-இல் கோயிலுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்குப் போகிறார்கள். வழிநெடுக ஆளாளுக்குக் கதை சொல்ல வேண்டும், நல்ல கதை சொன்னவருக்குத் திரும்பி வந்ததும் மற்றவர்கள் செலவில் ஒரு விருந்து. இதை எங்களுக்கு 'பில்கிரிமேஜ் என்பது இடைக்கால ஐரோப்பிய சமய வழக்கம்' என்று நோட்ஸ் கொடுத்தார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்குக் காவடி போகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு! அதே பங்குனி சித்திரை வெயில், அதே கலப்பான கூட்டம். உண்மையான பக்தியோடு நடக்கிற ஒருவர், வழியில் வியாபாரம் பேசுகிற ஒருவர், கால் கொப்புளத்தைக் காட்டியே ஊரைக் கூட்டுகிற ஒருவர், சம்பந்தம் பார்க்க வந்த ஒருவர் என்று நடுவே நாமும் நடந்திருக்கிறோம். எங்கள் மாமா ஒருவர் காங்கயம் தாண்டுவதற்குள் மூன்று கதை சொல்லிவிடுவார், அதில் ஒன்று பெண்பிள்ளைகள் கேட்கக் கூடாதது. சாசரின் மாவுமில்காரனும் அதே ரகம்.

இப்போது இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தப் பிள்ளை ஏதோ பழைய மொழிப் பண்டிதை என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் இந்தப் பக்கம் வந்தது பாடத்தால் இல்லை. ஒரு ரசிகையாகத்தான் வந்தேன். பிளஸ் ஒன் விடுமுறையில் தம்பி ஒரு பென்டிரைவ் கொண்டு வந்தான் (எங்கிருந்து என்று கேட்காதீர்கள்), அதில் டோல்கியன் என்ற ஆங்கில எழுத்தாளரின் மோதிரக் கதை, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', மூன்று படமும் இருந்தது. ஆண் வேடத்தில் போருக்குப் போகிற அந்தக் குதிரை நாட்டுப் பெண், எயோவின், அவளைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. புத்தகத்தைத் தேடிப் படித்தேன். ஒரு வருடம் ஆனது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அப்புறம் அவளை வைத்து நானே கதை எழுத ஆரம்பித்தேன், தமிழில், வாட்ஸாப்பில் ஆறு பேர் இருக்கிற ஒரு குழுவுக்காக. ஆறு பேரில் நாலு பேர்தான் படிப்பார்கள். அதில் ஒருத்தி எதற்கெடுத்தாலும் சண்டை, எயோவின் யாரைக் கட்டியிருக்க வேண்டும் என்பதில் எனக்கும் அவளுக்கும் மூன்று வாரம் பேச்சு நின்றிருந்தது. செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு "அந்த எட்டாம் அத்தியாயம் எங்கடி" என்று அவளே மெசேஜ் போட்டாள், அந்தச் சந்தோஷத்தில் பரீட்சையில் கோட்டைவிட்டேன். இதுதான் என் தினப்படி வாழ்க்கை. ஏறினால் உச்சி, இறங்கினால் அரியர்.

எயோவின் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று தேடப் போய்த்தான் பழைய ஆங்கிலத்தில் விழுந்தேன். 'எயோ' குதிரை, 'வின்' மகிழ்ச்சி. அவள் மாமன் தியோடன், அந்தச் சொல்லுக்கே தலைவன், அரசன் என்று பொருள். அந்த நாட்டுக்காரர்கள் பேசுகிற சொற்கள் எல்லாம் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தவை, ஏனென்றால் எழுதிய டோல்கியன் 1925 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் அதைத்தான் பாடமாக நடத்தினார். அதே வருடம் கவெய்ன் என்ற வீரனையும் பச்சை வீரனையும் பற்றிய இடைக்காலக் கவிதையை ஈ.வி. கோர்டனோடு சேர்ந்து பதிப்பித்தார். சாசரைப் பற்றியும் எழுதியிருக்கிறார், 1934-இல் வந்த ஒரு நீண்ட கட்டுரை, கான்டர்பரி கதைகளில் ரீவ் என்கிற பண்ணைக் காரியக்காரன் சொல்கிற கதையில் வரும் இரண்டு மாணவர்களைச் சாசர் வடக்கத்தி ஆங்கிலம் பேச வைத்ததைப் பற்றி. லண்டன்காரர்களைச் சிரிக்க வைக்க வட்டார வழக்கு! நம் சினிமாவில் சிரிப்பு வேண்டுமென்றால் ஒருவரை "ஏனுங்க, என்னங்க" என்று இழுத்துப் பேச வைப்பதில்லையா, அந்த வேலையை ஆங்கிலத்தில் முதலில் செய்தவர்களில் ஒருவர் இவர். ஆனால் அந்தக் கதையில் கடைசியில் ஏமாறுவது வடக்கத்தி மாணவர்கள் இல்லை, ஊர் மாவுமில்காரன். அதில் எனக்கு ஒரு திருப்தி.

ஒரு ரசிகை தன் ஆசைக்காக என்னென்ன படிக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் ஒருத்தி கொரியன் பாட்டுக்காரர்களின் பைத்தியம், ஒரே கோடை விடுமுறையில் கொரிய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இன்னொருத்தி ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்துப் பார்த்து அந்த மொழியில் மரியாதைச் சொல் எத்தனை வகை என்று வகுப்பு எடுப்பாள். இரண்டு பேருக்கும் பாடத்தில் சராசரி மார்க்தான். கஷ்டமானதைப் படிக்க மாட்டார்கள் என்று இவர்களைப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறீர்கள்.

எனக்குக் கிடைத்த இன்னொரு பெரிய சந்தோஷம், நாங்கள் செய்கிற இந்த வேலை ஒன்றும் புதிதில்லை என்று தெரிந்ததுதான். சாசர் 1400-இல் இறந்தார். கான்டர்பரி கதைகளை முடிக்கவில்லை, போட்ட திட்டம் நூறுக்கு மேல், நம் கையில் இருப்பது இருபத்து நாலு. சமையல்காரன் சொல்கிற கதை தொடங்கின இடத்திலேயே நின்றுபோயிருக்கிறது. மிகப் பழைய கைப்பிரதி ஒன்றில், அதைப் படியெடுத்தவர் அந்த இடத்தில் 'இந்தச் சமையல்காரன் கதையைச் சாசர் இதற்கு மேல் செய்யவில்லை' என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நாங்கள் விரும்பிப் படிக்கிற ஒரு தொடர்கதை பாதியில் நின்று, எழுதினவர் காணாமல் போய்விட்டால் எங்கள் குழுவில் இப்படித்தான் ஒரு மெசேஜ் வரும். சரி, வேறு சில படியெடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? சும்மா விடவில்லை. எங்கிருந்தோ காமலின் என்ற ஒருவனுடைய கதையைக் கொண்டு வந்து அந்த ஓட்டையில் சொருகிவிட்டார்கள்.

லிட்கேட் என்று ஒரு துறவி. 1420-ஐ ஒட்டி ஒரு கவிதை எழுதினார். அதில் அவரே, கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, ஓர் ஒல்லிக் குதிரையில் ஏறி, கான்டர்பரியில் சாசரின் பாத்திரங்களைச் சந்திக்கிறார். சத்திரக்காரன் அவரைக் கேலி செய்து கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறான், திரும்பும் வழியில் முதல் கதையை அவர்தான் சொல்கிறார். தனக்குப் பிடித்த கதைக்குள் தானே போய் உட்கார்ந்துகொள்வது! எங்கள் குழுவில் இப்படி எழுதினால் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள். ஒரு மடாலயத்துச் சாமியார் அறுநூறு வருடத்துக்கு முன்னால் வெட்கமே இல்லாமல் எழுதியிருக்கிறார்.

ஸ்காட்லாந்தில் ராபர்ட் ஹென்றிசன் அதற்கும் மேலே போனார். சாசரின் ட்ராய்லஸ் காவியத்தில் காதலனைக் கைவிட்டுப் போகிற கிரெஸிடுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று சாசர் சொல்லவில்லை. ஒரு குளிர் ராத்திரியில் நெருப்பருகே உட்கார்ந்து, கையில் ஒரு மதுக் கோப்பையோடு அந்தப் புத்தகத்தைப் படிப்பதாக ஹென்றிசன் தொடங்குகிறார். படித்துவிட்டு, சாசர் எழுதியதெல்லாம் உண்மை என்று யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார். கேட்டுவிட்டு ஒரு முடிவைச் சொல்கிறார். அவளுக்குத் தொழுநோய் வருகிறது, பிச்சைக்காரர்களோடு வழியில் நிற்கிறாள், ட்ராய்லஸ் குதிரையில் அந்தப் பக்கம் வருகிறான், அவளை அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று அவனுக்குப் பழைய காதலியை நினைவுபடுத்துகிறது, பணத்தையும் நகையையும் அவள் மடியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். இதை ராத்திரி ஒரு மணிக்குப் படித்துவிட்டு, சண்டைக்காரித் தோழிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டு அழுதேன். அவளும் அழுதாள். பிறகு 1532-இல் சாசரின் தொகுதியில் இதையும் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள், ரொம்ப நாள் இது சாசர் எழுதினது என்றே ஜனங்கள் நம்பினார்கள்.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும்போது பொன்னரும் சங்கரும் களத்தில் விழுந்தால் கதை அங்கே முடிய வேண்டியதுதானே. விடுவார்களா? தங்கை வந்து எழுப்புகிறாள். படுகளம் என்று வருடாவருடம் ஆட்கள் செத்தது போல விழுந்து, எழுப்பப்பட்டு எழுகிறார்கள். தனக்குப் பிடித்தவர்கள் சாகிறதை ஒத்துக்கொள்ளாத கூட்டம் என்றால் அதில் கொங்குக்காரர்களுக்குத்தான் முதல் இடம்.

இதையெல்லாம் நான் என் பேராசிரியர் ஒருவரிடம் ஆர்வமாகச் சொன்னேன். "கதை எழுதுற நேரத்துக்கு கேரக்டர் ஸ்கெட்ச் படிச்சா எழுபது மார்க் வரும்" என்றார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. அவருக்கு நூற்றிருபது பேப்பர் திருத்த வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. பரீட்சையில் 'தவ்' என்ற அந்தக் காலத்து ஆங்கிலச் சொல்லைப் பற்றிய கேள்விக்கு, அது நம்முடைய 'நீ' மாதிரி, 'யே' என்பதுதான் 'நீங்க' மாதிரி, மரியாதைக்கு ஒருவரையே பன்மையில் கூப்பிடுகிற பழக்கம் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து ஆங்கிலத்துக்கும் வந்தது என்று எழுதியிருந்தேன். தவறு என்று அடித்து, 'தவ் என்பது பழங்கால மரியாதைச் சொல்' என்று ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தது. பைபிளிலும் பிரார்த்தனையிலும் வருவதால் அது மரியாதைச் சொல் என்று ஒரு நினைப்பு. நாமும்தான் சாமியை 'நீ' என்கிறோம், முருகா நீயே துணை என்கிறோம், சாமிக்கு மரியாதை இல்லையா? வாய்க்கு வாய் 'ங்க' போடுகிற ஊரில் பிறந்தவளிடம் மரியாதைப் பன்மையைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு மார்க்கைக் குறைத்தால் எப்படி? இரண்டு மார்க்தான், போச்சாது. ஆனால் மூலத்தில் பத்து வரி வகுப்பில் படித்திருந்தால் அந்தச் சிவப்பு மை அங்கே விழுந்திருக்காது.

எனவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. சுருக்கம் வையுங்கள், இன்றைய ஆங்கிலத்தில் மாற்றி எழுதியதையும் வையுங்கள், ஆனால் ஐம்பது வரியை மட்டும் சாசர் எழுதியபடியே வையுங்கள். முன்னுரையின் முதல் பதினெட்டு வரி, யாத்திரைக் கூட்டத்தில் ஒருத்தியான பாத் ஊர்ப் பெண்மணியைப் பற்றிய முப்பத்திரண்டு வரி. கணக்கு சரியாக ஐம்பது. அதை வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டும், வாத்தியார் ஒருமுறை, நாங்கள் பத்து முறை. ஒரு செமஸ்டரில் நாலு பீரியட் போதும். இன்டர்னலில் அஞ்சு மார்க்கை ஒப்பிக்கிறதுக்குக் கொடுங்கள், அசைன்மென்ட் என்று நெட்டிலிருந்து எடுத்து ஒட்டுவதற்குக் கொடுக்கிற அஞ்சு மார்க்தான் அது. உச்சரிப்புத் தெரியாது என்று ஆசிரியர்கள் தயங்கினால் பதிவுகள் இருக்கின்றன, ஒரு ஸ்பீக்கர் போதும். கொஞ்சம் தப்பாக வாசித்தாலும் பரவாயில்லை, தட்டிக் கேட்கச் சாசர் வரப் போவதில்லை. (அவர் இருந்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். தன் கவிதையைப் பிழையாகப் படியெடுத்த ஆதாம் என்ற எழுத்தருக்கு, தலையில் சொறி பிடிக்கட்டும் என்று சாபம் விட்டே ஒரு குட்டிக் கவிதை எழுதியிருக்கிறார்.)

தயவுசெய்து ஒன்றைச் செய்துவிடாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, பிள்ளைகளுக்கு ரசிகர் கதை எழுதுவதில் ஆர்வம் இருக்கிறதாம் என்று 'சாசரின் கதையைத் தொடர்ந்து எழுதுக, பத்து மதிப்பெண்' என்று கேள்வித்தாளில் போட்டுவிடாதீர்கள். அதற்கும் ஒரு கைடு வந்துவிடும், மாதிரி விடை வந்துவிடும். அது எங்களுடையதாகவே இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது மூலம், அதை வைத்து என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும்.

பாத் ஊர்ப் பெண்மணியை ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்து கல்யாணம் பண்ணினவள் என்பதுதான் கைடில் இருக்கிறது, பையன்கள் அதோடு சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மூலத்தில் சாசர் அதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்கிறார். 'ஆஃப் க்ளோத் மாக்கிங் ஷே ஹாடெ ஸ்விச் அன் ஹௌன்ட், ஷே பாஸ்ஸெட் ஹெம் ஆஃப் ஈப்ரெஸ் அண்ட் ஆஃப் கௌன்ட்'. துணி நெய்வதில் அவள் அவ்வளவு கைதேர்ந்தவள், ஈப்ரெஸ், கென்ட் (Ghent) ஊர்க்காரர்களையே மிஞ்சிவிட்டாள் என்று. அந்த இரண்டு ஊரும் அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே துணிக்குப் பேர்போன ஊர்கள். சுருக்கத்தில் இந்த இரண்டு வரி கிடையாது. அவள் ஒரு தறிக்காரி என்பதே என் வகுப்பில் யாருக்கும் தெரியாது, பாதிப்பேர் வீட்டில் தறி ஓடுகிறது.

எங்கள் வீட்டில் கரண்ட் போனால்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். போன மாதம் ஒரு ராத்திரி அப்படிப் போனது, நாலு தறியும் நின்றது, நாடா பாதியில் நின்றது. அம்மா அறுந்த இழையை டார்ச் வெளிச்சத்தில் பிணைத்துக்கொண்டிருந்தார். அந்த வரிகளை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன், அர்த்தமும் சொன்னேன். அந்தப் பாத் ஊர்ப் பெண்மணிக்குக் கொஞ்சம் காது மந்தம் என்று சாசர் எழுதியிருப்பதையும் சொன்னேன். எங்கள் அம்மாவுக்கும் காது மந்தம், இருபத்தொரு வருடத் தறிச் சத்தம். "பாவம், அவங்க ஊட்லயும் தறி ஓடுச்சாட்ட இருக்குது" என்றார். இல்லை, அஞ்சாம் புருஷன் படிக்கிற புத்தகத்தை அவள் கிழித்துவிட்டாள், பெண்களைக் கேவலமாகப் பேசுகிற புத்தகம், அதற்காக அவன் அறைந்ததில் காது போய்விட்டது என்று சொன்னேன்.

அம்மா இழையைப் பிணைத்து முடித்துவிட்டு, "கிழிச்சது நல்லதுதான்" என்றார்.

அந்த ஐம்பது வரியை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி

பி.கு.: ஈப்ரெஸ் எங்கே இருக்கிறது என்று அம்மா மறுநாள் கேட்டார். பெல்ஜியத்தில் என்றேன். அங்கே மீட்டருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்டார். உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.